கொலைகாரன் யாரென்று அவளுக்குத் தெரியும்

நாற்காலியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அதன் இடது கால் ஆடும். ஒலிபரப்பு நடக்கும்போது பின்னால் சாயாதீர்கள். கிறீச்சென்று ஒரு சத்தம் வரும். வில்லரேயிலிருந்து லாவல் வரைக்கும் இருக்கிற எங்கள் தமிழ் வானொலி நேயர்கள் அதையும் தடயமாக எடுத்துக்கொண்டு, கதவைத் திறந்தது யார் என்று தொலைபேசியில் கேட்பார்கள்.

அடுத்த சனிக்கிழமையிலிருந்து துப்பறியும் நாடகம் புதிதாக எழுத வந்திருக்கும் உங்கள் எல்லோர் கையிலும். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கிறது. உங்களுக்கு என்னைவிட நல்ல ஒலிவாங்கி கிடைத்திருக்கிறது, என்னைவிட இளமையும் இருக்கிறது. ஆனால் நான் துரத்தப்பட்டுப் போகவில்லை. பிரெஞ்சு மொழியில் ஒலி நாடகங்கள் தயாரிக்கும் நிறுவனம் ஒன்று என்னை முழுநேர வேலைக்கு எடுத்திருக்கிறது. வேறெங்கும் எழுதக்கூடாது என்பது அவர்களுடைய நிபந்தனை. அப்பா பக்கம், அம்மா பக்கம் இரண்டிலும் தேடினாலும், பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான்தான். பல்கலைக்கழகம் போனதும் நான்தான். அம்மா தன் பெயரை எழுதப் பழகியதே இந்த நாட்டுக்கு வந்த பிறகு. இதையெல்லாம் நான் பெருமைக்காகவே சொல்கிறேன். இனிச் சொல்லப்போவதில் பெருமைப்பட அதிகம் இல்லை.

எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்பதை அண்ணை காட்டித் தருவார். அண்ணை என்றால் நம் நிலையத்தை நடத்துகிறவர். மரண அறிவித்தல் வாசிப்பவரும் அவர்தான், நாடகத்தில் இன்ஸ்பெக்டரும் அவர்தான். இரண்டுக்கும் ஒரே குரல். நான் சொல்ல நினைப்பது பொத்தான்கள் உதவாத சில நிமிடங்களைப் பற்றி. அனிற்றாவைப் பற்றிச் சொல்லாமல் அவற்றைச் சொல்ல முடியாது. அதனால் அவளைப் பற்றியும்.

நாடகம் எப்படித் தொடங்கியது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது நூலகத்தில் பழைய ஒலிப்பதிவுகள் கிடைத்தன. வீட்டுக்குத் தொலைக்காட்சி வராத நாள்களில், ஒரு பெரிய வானொலிப் பெட்டியைச் சுற்றிக் குடும்பமே உட்கார்ந்து கேட்ட துப்பறியும் நாடகங்கள். எல்லாம் நேரடி ஒலிபரப்பு. நடிகர்கள் ஒரே ஒலிவாங்கியைச் சுற்றி நிற்பார்கள். காலடிச் சத்தமும் கதவுச் சத்தமும் பக்கத்து மேசையில் கையாலேயே பிறக்கும். கொலைகாரன் பிடிபடுவதற்குச் சற்று முன்னால் நிறுத்தி, சவர்க்கார விளம்பரம் போடுவார்கள். அந்த விளம்பர நேரத்தில் ஒவ்வொரு வீட்டிலும் சண்டை நடந்திருக்கும். நான் அதைப் பேருந்தில் கேட்டுக்கொண்டு போய், இறங்க வேண்டிய இடத்தைப் பலமுறை தவறவிட்டேன்.

அதைத் தமிழில் செய்யலாம் என்று அண்ணையிடம் கேட்டேன். "விளம்பரம் வருமெண்டால் கடைசிப் பகுதிக்கு முன்னால கட்டாயம் நிப்பாட்டு" என்றார். நமது நாடகத்தின் விதி அப்படித்தான் பிறந்தது: இரண்டு பகுதிகள், பிறகு சாறிக்கடை விளம்பரமும் நேயர்களின் ஊகமும், பிறகு விடை.

இன்னொரு விதியும் இருக்கிறது. கடைசிப் பக்கங்கள் இடைவேளையில்தான் நடிகர்களின் கைக்குப் போக வேண்டும். கொலை செய்தது தான்தான் என்று அதுவரை யாருக்கும் தெரியக்கூடாது. இந்த விதிக்குக் காரணம் யோகன் அண்ணை. திருமண வீடுகளுக்குச் சாப்பாடு செய்து கொடுப்பது அவருடைய தொழில், சனிக்கிழமைகளில் நடிப்பு. ஆரம்பத்தில் முழுப் பிரதியையும் முன்கூட்டியே கொடுத்துவந்தேன். ஒரு நாடகத்தில் அவர்தான் கொலைகாரன். முதல் காட்சியில் அவருக்கு இருந்த வசனம், "வாங்கோ, வெளியில நல்ல குளிர் என்ன?" அவ்வளவுதான். அதை அவர் சொன்ன விதத்தில் குளிருக்கே நடுக்கம் வந்திருக்கும். இடைவேளையில் அழைத்த எல்லோரும் ஒரே பெயரைத்தான் சொன்னார்கள். ஒரு பெண்மணி மட்டும், "அந்தாள் வாங்கோ எண்டு கூப்பிடேக்கையே நான் கதவைப் பூட்டியிருப்பன்" என்றார்.

தன் குற்றத்தைத் தெரிந்துகொண்டு பேசுகிறவனின் குரலைக் காது பிடித்துவிடும். மேடையில் முகம் இருக்கிறது, ஒளி இருக்கிறது, மறைத்துக்கொள்ளலாம். வானொலியில் குரலைத் தவிர எதுவுமில்லை. அன்றிலிருந்து கடைசிப் பக்கங்களை ஒரு உறையில் போட்டு என் மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

இதற்குப் பிறகுதான் அனிற்றா வந்தாள்.

மட்டக்களப்பைச் சேர்ந்தவள். என் வயதுதான். அவளுடைய வீட்டில் அப்பா ஆசிரியர், அப்பாவின் அப்பாவும் ஆசிரியர். வீட்டில் புத்தக அலுமாரி இருந்ததாம். அதை அவள் ஒரு பெரிய விஷயமாகவே சொல்லவில்லை, மேசை இருந்தது என்பதுபோலச் சொன்னாள். அங்கே பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்துவிட்டு, இங்கே ஒரு கார்டெரிக் காப்பகத்தில் பிஞ்சுக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அடித்துப் பிடித்து வாங்கிய எல்லாமே அவளுக்குப் பிறந்த வீட்டிலேயே கிடைத்திருந்தன. அவளை எனக்குப் பிடிக்காமல் போக அதுவே போதும். குரலும் நன்றாக இருந்தது.

"நான் ஒண்டு எழுதிப் பாக்கட்டா கா?" என்று கேட்டாள். தோழிகளிடம் பேசும்போது 'கா' என்று முடிப்பது அவளுடைய ஊர் வழக்கம். "எழுது" என்றேன். தோற்றுப்போவாள் என்று நினைத்தேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, தோற்க வேண்டும் என்றும் விரும்பினேன்.

அவளுடைய முதல் நாடகம் குளிர்காலத்தில், பார்க்-எக்ஸ்டன்ஷனில் ஒரு அடுக்குமாடி வீட்டில் நடந்தது. பணக்கார மாமா இறந்து கிடக்கிறார். செய்தி கேட்டு உறவினர்கள் ஒவ்வொருவராக வருகிறார்கள். அன்று காலடி, கதவு போன்ற சத்தங்களைக் கையால் செய்யும் சத்தமேசையில் நான். எழுதாதவர் சத்தமேசையில் நிற்பது எங்கள் ஒழுங்கு. பிரஷர் குக்கர் விசில் வேண்டும் என்றாள். மேல்வீட்டுப் பிள்ளைகள் ஓடும் சத்தம் வேண்டும், தெருவில் பனி வழிக்கும் சத்தம் வேண்டும், யாரோ கோழிக்கறி வதக்க வேண்டும். இவ்வளவு இரைச்சலுக்குள் வசனம் எப்படிக் கேட்கும் என்று மனதுக்குள் சிரித்தேன்.

இடைவேளையில் ஒருவர்கூடச் சரியாகச் சொல்லவில்லை. நானும்தான். கடைசிப் பக்கத்தில் அண்ணை தன் மரண அறிவித்தல் குரலில் மருமகனிடம் சொன்னார்: "தம்பி, இந்த வீட்டுக்குள்ள வந்த எல்லாரும் கதவடியில சப்பாத்தை உதறிச்சினம். வெளியில முழங்காலளவு பனி. நீங்கள் மட்டும் உதறேல்லை. நீங்கள் வெளியில இருந்து வரேல்லை. முதலே உள்ளுக்குத்தான் நிண்டிருக்கிறியள்."

சத்தமேசையில் நின்று சப்பாத்துகளைத் தட்டியதே நான்தான். ஒவ்வொரு ஆளுக்கும் தட்டினேன். ஒருவருக்குத் தட்டச் சொல்லப்படவில்லை. அதை என் கையே கவனிக்கவில்லை. ஐந்து வயதிலிருந்து இந்த ஊரின் பனியில் வளர்ந்தவள் நான். அவள் வந்து இரண்டாவது குளிர்காலம்.

வீட்டுக்குப் போனால், அம்மா சோற்றை இறக்கிக்கொண்டே, "இண்டைக்கு நாடகம் நல்லாயிருந்தது, என்ன?" என்றார்.

"அது நான் எழுதினதில்லை அம்மா."

"ஓமோ? அதுதான் எனக்கும் ஏதோ வித்தியாசமா இருந்தது." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உன்ரயும் நல்லாத்தானே இருக்கிறது" என்று சேர்த்துக்கொண்டார். அந்த 'தானே' எனக்குப் பிடிக்கவில்லை. சாப்பிடாமலே எழுந்து போனேன்.

பொறாமையைப் பற்றி உங்களுக்கு நல்லவிதமாக யாராவது சொல்லியிருப்பார்கள், அதை விட்டுவிட வேண்டும் என்று. நான் விடவில்லை. அவளுடைய நாடகத்தின் பதிவை ஒரு வாரம் முழுக்கக் கேட்டேன். பேருந்தில், மெற்றோவில், பல் தீட்டும்போது. பிறகு என்னுடைய பழைய நாடகங்களைக் கேட்டேன். அப்போதுதான் பிடிபட்டது. என் நாடகங்களில் தடயம் வரும் நேரத்தில் மற்ற எல்லாச் சத்தமும் அடங்கிவிடும். அமைதியான அறையில் ஒரு கண்ணாடிக் குவளை மேசையில் வைக்கப்படும், டக். இதுதான் தடயம் என்று நேயருடைய காதைப் பிடித்துத் திருகியது நானேதான். அவள் தடயத்தைச் சமையலறைக்குள், பிள்ளைகளின் ஓட்டத்துக்குள், அன்றாடத்துக்குள் வைத்தாள். எல்லோரும் கேட்டார்கள், ஒருவரும் கவனிக்கவில்லை.

அவளை நேசித்திருந்தால் இதைக் கண்டுபிடித்திருக்க மாட்டேன். ஒருமுறை கேட்டுக் கைதட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன்.

அதன் பிறகு வாரம் மாறி வாரம் எழுதினோம். என் நாடகங்கள் தேறின. சரியாகச் சொல்லும் நேயர்கள் குறைந்தார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும், இடைவேளை விளக்கு எரிந்தவுடன், சத்தமேசையிலிருந்து அவள் என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்பாள்: "ஆரெண்டு சொல்லட்டா கா?" சொல்லுவாள். சரியாக இருக்கும். ஒரு முறையாவது அவள் பிழையாகச் சொல்ல வேண்டும். எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. பாராட்டு வேண்டாம், விளம்பரம் வேண்டாம். அவளால் பிடிக்க முடியாத ஒரே ஒரு நாடகம்.

இப்போது யோகன் அண்ணையின் தேத்தண்ணிக்கு வருகிறேன். உங்களுக்கு இது ஒருநாள் நேரும். ஆளும் காரணமும் வேறாக இருக்கும், அவ்வளவுதான்.

அன்று என் நாடகம். நோயாளி ஒருவர் வீட்டில் நஞ்சு வைத்துக் கொல்லப்படுகிறார். அனிற்றா சத்தமேசையில் நின்றபடியே நர்ஸாகவும் குரல் கொடுத்தாள். இடைவேளை வந்தது. அவள் சாய்ந்தாள். "யோகன் அண்ணைதானே?" நான் உறையைப் பிரித்துப் பக்கங்களை நடிகர்களிடம் கொடுத்தேன். யோகன் அண்ணை மூக்குக்கண்ணாடியைப் போட்டு வாசித்தார். முகம் மாறியது.

"பிள்ளை, இது என்ன? நானே?"

"ஓம் அண்ணை."

"நஞ்சோ?"

"பால் தேத்தண்ணிக்குள்ள."

"உனக்கென்ன விசரே? வாற கிழமை கலியாணவீட்டுச் சாப்பாடு என்ர பொறுப்பு. பொம்பிளை வீட்டார் எல்லாரும் இப்ப ரேடியோவுக்கு முன்னால இருக்கினம். நான் தேத்தண்ணிக்குள்ள நஞ்சு கலந்தனான் எண்டு என்ர வாயாலயே சொல்லட்டோ?"

"அது நாடகம் அண்ணை."

"சனத்துக்கு அது தெரியுமே? களவெடுத்தவனா ஒருக்கா நடிச்சனான். இண்டைக்கும் அந்த மரக்கறிக் கடைக்காரன் நான் வெளிக்கிடேக்க என்ர பையைப் பாக்கிறான். நான் சொல்ல மாட்டன்." பக்கத்தை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

அண்ணை என்னிடம் ஓடிவந்தார். "மாத்து தங்கச்சி. நர்ஸ் செய்ததெண்டு மாத்து. கெதியா. சாறிக்கடை முடியப்போகுது."

பென்சிலை எடுத்தேன். நர்ஸ் என்று மாற்றுவது மிகச் சுலபம். இரண்டு இடத்தில் பெயரைத் திருத்தினால் போதும். அனிற்றா இப்போதுதான் யோகன் அண்ணை என்று சொன்னாள். மாற்றினால் அவள் சொன்னது பிழை. நான் ஏங்கிய அந்த ஒரு முறை என் பென்சில் முனையில் வந்து நின்றது.

மாற்றவில்லை. நேயர்களுக்குத் துரோகம் செய்யக்கூடாது என்று அந்த நிமிடத்தில் நான் யோசித்ததாகச் சொன்னால் அது பொய். சத்தமேசையில் நிற்பவள் ஒவ்வொரு தடயத்தையும் கையால் செய்தவள். நர்ஸுக்கு எதிராக ஒரு தடயமும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். நான் பெயரை மாற்றியதும் அவளுக்குத் தெரிந்துவிடும். வென்றது பொய் என்று அவளுக்குத் தெரிந்த வெற்றி எனக்கு எதற்கு? என்னைத் தடுத்தது அந்த வீம்புதான்.

விளம்பரத்தில் மணமகள் சேலை பற்றிய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கொலைகாரனை மாற்ற முடியாது, அவன் வாயைத் திறக்கவும் மாட்டான். அப்படியென்றால் திறக்க வேண்டாம். யோகன் அண்ணையின் வசனங்கள் எல்லாவற்றையும் குறுக்கே வெட்டினேன்.

"யோகன் அண்ணை, நீங்கள் ஒண்டுமே சொல்ல வேண்டாம். மூச்சுக்கூட விட வேண்டாம். இன்ஸ்பெக்டர் எல்லாத்தையும் சொல்லுவார். கடைசியில உங்களைக் கேப்பார். நீங்கள் பேசாம நிக்க வேணும்."

"பேசாமலோ?" நிலையத்து அண்ணை பதறினார். "சத்தம் நிண்டால் சனம் வேற பக்கம் திருப்பிப்போடும் தங்கச்சி!"

"திருப்பாது அண்ணை. வாசியுங்கோ."

ஒலிபரப்பு விளக்கு எரிந்தது. அண்ணை வாசித்தார். நோயாளிக்குச் சீனி கூடாது என்று தெரிந்தவர் யார், தெரிந்தும் இனிப்பாகத் தேத்தண்ணி போட்டவர் யார், இனிப்பால் எதன் கசப்பை மறைத்தார். எல்லாம் சொல்லி முடித்து, "நான் சொன்னதில ஏதும் பிழையெண்டால் சொல்லுங்கோ" என்றார்.

மௌனம். யோகன் அண்ணை வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார். அண்ணையின் நெற்றியில் வியர்வை. இன்னும் மௌனம். வானொலியில் மௌனம் எவ்வளவு பெரியது என்று அதற்குள் நின்றால்தான் தெரியும். ஒருவர் பேசாமல் இருப்பதையே நேயர் ஒப்புதல் வாக்குமூலமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் கண்டுபிடித்த மௌனம் அது. நான் மட்டும்.

அப்போது அனிற்றா, யாரும் கேட்காமல், ஒரு கோப்பையைச் சோசரில் வைத்தாள். நடுங்கும் கையால் வைப்பதுபோல. சிறு கிலுகிலுப்பு. பிறகு நின்றது.

திங்கட்கிழமை ஜான்-டலோன் சந்தையில் அம்மா வேலை செய்யும் தக்காளிக் கடைக்குப் போனேன். கூட வேலை செய்யும் தமிழ்ப் பெண்கள் எல்லோரும் ஒரே குரலில், "அந்தக் கோப்பைச் சத்தம்! மயிர் கூச்செறிஞ்சு போச்சு" என்றார்கள். மௌனத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அம்மாவும்.

யோகன் அண்ணை தன் வாயால் ஒன்றும் சொல்லவில்லைதான். ஆனாலும் பெண் வீட்டார் அவரைக் கூப்பிட்டு, "சாப்பாடெல்லாம் நீங்கள்தான். தேத்தண்ணி மட்டும் நாங்கள் வேற இடத்தில சொல்லிப்போட்டம்" என்றார்களாம்.

இதிலிருந்து உங்களுக்கு நான் சொல்வது: விடையை மாற்றாதீர்கள். நேரம் போதவில்லை என்றால் சொல்கிற ஆளை மாற்றுங்கள், சொல்லும் முறையை மாற்றுங்கள், சொல்லாமலே விடுங்கள். இரண்டு பகுதிகளாக நேயரின் காதில் வைத்ததைக் கடைசிப் பகுதியில் பிடுங்காதீர்கள். நல்ல மனதால் முடியாவிட்டால் வீம்பால் செய்யுங்கள், பரவாயில்லை.

பிறகு அனிற்றா ரொறன்ரோவுக்குப் போனாள். அங்கே ஒரு பள்ளியில் நாடகம் கற்பிக்கும் வேலை. பிரியாவிடைக்கு நான்தான் கேக் வாங்கினேன், அவளுக்குப் பிடிக்காத சொக்கலேட் கேக். அவள் இரண்டு துண்டு சாப்பிட்டாள்.

போனபிறகு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். என் அடுத்த சில நாடகங்கள் படுமோசம். யாருக்கும் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது. சத்தமேசைப் பக்கம் திரும்பினால், சாய்ந்து கேட்க ஆளில்லை. யாருக்காகத் தடயத்தை ஒளித்துவைக்கிறேன் என்றே புரியாமல் எழுதினேன்.

ஒரு சனிக்கிழமை இடைவேளையில் தொலைபேசி அடித்தது. அண்ணை எடுத்து ஒலிபரப்பில் போட்டார். "வணக்கம், ரொறன்ரோவில இருந்து அனிற்றா. மாமியார்தான். தலையணை உறையை அவதான் மாத்தினவ." சரி. அடுத்த வாரமும் அழைத்தாள். அதற்கடுத்த வாரமும். எல்லாம் சரி. இணையத்தில் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு மறுபடியும் நித்திரை கெட்டது, நாடகங்களும் தேறின.

கடைசி நாடகத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை ஒலிபரப்பானது. உங்களில் சிலர் அந்த அறையிலேயே நின்றீர்கள். ஆனால் அது எப்படிப் பிறந்தது என்று உங்களுக்குத் தெரியாது. நம் நிலையம் ஒரு தெபனர் சில்லறைக் கடையின் மேல்மாடி. கீழே கடைக்காரருடைய பெரிய குளிர்சாதனப் பெட்டி எப்போதும் இரைந்துகொண்டே இருக்கும். ஒருநாள் ஒத்திகையில் எல்லோருக்கும் நிலைகொள்ளவில்லை. அண்ணை தடுமாறினார், யோகன் அண்ணை தலையிடிக்கிறது என்றார். என்னவென்று புரியவில்லை. கீழே இறங்கினால், கடைக்காரர் பழுதாகிப்போன பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார். இத்தனை காலமும் அந்த இரைச்சலைக் கேட்டதாக எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை. நின்றபிறகுதான் அது இருந்ததே தெரிந்தது.

படி ஏறும்போதே நாடகம் கிடைத்துவிட்டது. இல்-பிசாரிலிருந்து லாவலுக்குக் கோடையில் கார்களை ஏற்றிக்கொண்டு ஒரு படகு போகும். கதை முழுக்க அந்தப் படகில். தொடக்கத்திலிருந்தே இயந்திரத்தின் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். நேயரின் காது அதற்குப் பழகி, மறந்துவிடும். காருக்குள் ஒரு மனிதர் இறந்து கிடக்கிறார். படகு கரையைத் தொடுகிறது, இயந்திரம் நிற்கிறது. இடைவேளைக்குச் சற்று முன்னால், கரையில் நின்று இன்ஸ்பெக்டர், இறந்தவருடைய தொலைபேசியில் அவருடைய மனைவி விட்டுவைத்த குரல் தகவலைக் கேட்கிறார். கொலை நடந்த நேரத்தில் பதிவான தகவல். "நான் வீட்டில நிக்கிறன், வில்லரேயில. கறி அடுப்பில. எப்ப வாறியள்?" அவளுடைய குரலுக்குப் பின்னால், மிக மெதுவாக, அதே 'ம்ம்ம்'. அவள் வீட்டில் இல்லை. அதே படகில்தான் இருந்தாள், கொன்றதும் அவள்தான்.

நின்ற இரைச்சல் மறுபடி வருகிறது. பழகிய காது அதைக் கேட்காது. அப்பழுக்கில்லாத தடயம், எல்லோர் முன்னாலும் வைத்தது. நான் எழுதியதில் இதுதான் சிறந்தது. இதை நான் ஒரே ஒரு நேயருக்காக எழுதினேன்.

இடைவேளை. நினைவிருக்கும், முதலில் அழைத்தவர் காப்புறுதி முகவர்தான் கொலைகாரன் என்றார். "ஏன் ஐயா?" என்று அண்ணை கேட்க, "அவங்கள் எல்லாரும் அப்பிடித்தான்" என்று வைத்துவிட்டார். அடுத்தவர் இறந்தவருடைய தம்பியைச் சொன்னார். அதற்கடுத்தவர் சாறி விலை கேட்டார்.

பிறகு அவள்.

"வணக்கம் அண்ணை, ரொறன்ரோவில இருந்து அனிற்றா."

"வா பிள்ளை! துஷி இஞ்ச நகத்தைக் கடிச்சுக்கொண்டு இருக்கிறா. இண்டைக்கு அவவின்ர கடைசி நாடகம். சொல்லு, ஆர்?"

"பொறுங்க அண்ணை, யோசிக்கிறன்." பிறகு இழுத்தாள், யோசிப்பதுபோல. "ம்ம்ம்ம்ம்." நிறுத்தினாள். மறுபடி, "ம்ம்ம்." பிறகு, "படகோட்டியா?"

நான் நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். கிறீச்.

"பிழை!" அண்ணை கத்தினார். "முதல்தரமாப் பிழை! துஷி வெண்டிட்டா!"

"அப்பிடியா? எனக்குப் பிடிபடவே இல்ல கா. நீ வெண்டிட்டாய் துஷி."

அறையில் நின்ற எல்லோரும் கைதட்டினீர்கள். யோகன் அண்ணை தான் கொண்டுவந்த வடைப் பெட்டியைத் திறந்தார். விடை ஒலிபரப்பான பிறகு தொலைபேசி நிற்காமல் அடித்தது. அம்மாவும் அழைத்து, இந்த முறை 'தானே' இல்லாமல், நல்லாயிருந்தது என்றார். நான் வீட்டுக்கு நடந்துதான் போனேன். மெற்றோவுக்குள் அடங்குகிற சந்தோசமாக அது இருக்கவில்லை.

அடுத்த நாள் ஞாயிறு காலை, அம்மாவோடு சந்தைக்குப் போனேன். அம்மா கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். காதில் மாட்டிக்கொண்டு அந்த அழைப்பின் பதிவைக் கேட்டேன். அவள் தோற்றதை இன்னொரு தரம் கேட்க ஆசை. கேட்டேன். திருப்பிக் கேட்டேன்.

"ம்ம்ம்ம்ம்." நீளமாக, ஏற்ற இறக்கமே இல்லாமல், ஒரே சுருதியில். யோசிக்கிறவர்கள் அப்படி முனகமாட்டார்கள். முடிவில் குரல் மேலே போகும், அல்லது தேய்ந்து போகும். இது வெட்டியதுபோல நின்றது, கரையைத் தொட்ட இயந்திரம்போல. சற்று மௌனம். பிறகு மறுபடி அதே சுருதி, மிக மெதுவாக, தூரத்திலிருந்து வருவதுபோல. "ம்ம்ம்."

படகை ஓட்டினாள், நிறுத்தினாள், தகவலுக்குள் திரும்பக் கொண்டுவந்தாள். விடை முழுவதையும் ஒலிபரப்பிலேயே எல்லோர் காதிலும் சொல்லிவிட்டு, அதன் மேல் படகோட்டியைப் போட்டு மூடினாள். எல்லோரும் கேட்டார்கள், ஒருவரும் கவனிக்கவில்லை. நானும்.

"என்னடி, நடுவழியில நிண்டிட்டாய்? ஆக்கள் போகவேணும்" என்றார் அம்மா.

"ஒண்டுமில்லை அம்மா."

"அழுறியே?"

"இல்லை. கோவம்."

ஊருக்கு முன்னால் வெற்றியை எனக்குத் தந்தாள். அது பொய் என்று எனக்கு மட்டும் தெரியும்படி தந்தாள். அன்று பென்சிலோடு நான் வேண்டாம் என்று விட்ட அதே வெற்றி. பெரிய மனதோடு விட்டுக்கொடுப்பதிலும் என்னை முந்திவிட்டாள். அதைச் செய்த விதத்திலோ, நான் எழுதியதைவிட அழகான தடயம். நான் இன்னும் அவளுக்குத் தொலைபேசி எடுக்கவில்லை. நன்றி சொன்னால் தெரிந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டதாகும். சொல்லாமல் விட்டால் தெரியாத முட்டாள் என்று நினைப்பாள். பிரெஞ்சில் நான் எழுதப்போகும் நாடகங்களை அவளால் பின்தொடர முடியுமா என்று யோசித்தேன். கார்டெரிப் பிள்ளைகளோடு இருந்து அவளுடைய பிரெஞ்சும் நன்றாகத் தேறிவிட்டது என்பது நினைவுக்கு வந்தது.

அடுத்த சனிக்கிழமை இடைவேளையில் உங்களுக்கும் தொலைபேசி அடிக்கும். ரொறன்ரோ இலக்கமாக இருக்கும். எடுங்கள், ஒலிபரப்பில் போடுங்கள். அந்தக் காதுக்காக எழுதுங்கள். மற்ற எல்லோருக்கும் அது போதும்.

அவள் சரியாகச் சொன்னால் மனம் தளராதீர்கள். பிழையாகச் சொன்னால் கைதட்டாதீர்கள். வீட்டுக்குப் போய்ப் பதிவைத் திரும்பக் கேளுங்கள்.